பிளாஸ்டிக் போர்த்திய பிக்கப்பில் கேரியர்: பின் கால் மட்டும் ஏன் பிய்ந்தது?

செக்காலைக்காரன் | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். பழைய வீடுகளில் மரவேலை பழுதுபார்ப்பது என் தொழில். தூண், நிலை, போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் மரம்), உத்தரம் எதுவானாலும் வீட்டிலிருந்து கழற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்து, சரிசெய்து, திரும்ப அதே வீட்டில் நிறுத்துவேன். வண்டி நான்கு கதவு பிக்கப், வெள்ளை போர்டு. பின் தொட்டியின் உள்பக்கம் முழுக்க கருப்பு பிளாஸ்டிக் லைனர், அது பக்கச் சுவரின் மேல் விளிம்பையும் மூடிக்கொண்டு வெளியே மடிந்து நிற்கும். சக்கர வளைவு, பின் கதவின் மேல் விளிம்பு எல்லாம் பிளாஸ்டிக்தான்.

தொட்டி நீளம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு, நான் ஏற்றும் சாமான் 7 அடி, 8 அடி, சில நேரம் 10 அடி. அதனால் 5 மாதம் முன்பு வெளியூரில் ஒரு பட்டறையில், தொட்டிக்கு மேலே சாமான் வைத்துக் கட்ட கேரியர் போட்டேன். நான்கு கால், நான்கும் அந்த மேல் விளிம்பு பிளாஸ்டிக் மேலேயே உட்காரும். காலுக்கு இரண்டு போல்ட், பிளாஸ்டிக்கையும் கீழே இருக்கிற மெல்லிய தகட்டையும் துளைத்து நட் போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது.

போன வியாழன் ஒற்றைத் தேக்குத் தூண், 10 அடி, 10 அங்குலம் விட்டம், மேலே கட்டிக்கொண்டு குன்றக்குடி தாண்டி வரும்போது ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வர, பிரேக் அடித்தேன். பின்னால் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் கால் இரண்டும் விளிம்பை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பி நிற்கின்றன. போல்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் வெள்ளை வெள்ளையாகக் கீறி, சிலந்தி வலை மாதிரி நாலாபக்கமும் ஓடியிருக்கிறது. நட் பக்கம் தகடு கிண்ணமாகக் குழிந்து வாஷர் பாதி உள்ளே போய்விட்டது. முன் கால் இரண்டும் அசையவே இல்லை. தூண் விழவில்லை, கயிறு தாங்கிவிட்டது, அந்தக் குன்றக்குடி முருகன் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

பட்டறையில் கேட்டால் "பின்னால் அதிகமாகப் பாரம் ஏற்றிவிட்டீர்கள்" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பின்னால் பாரம் என்றால் கால் கீழே அமுங்கவேண்டும், இது மேலே பிய்ந்திருக்கிறது. புதிதாகப் போடுவதற்கு முன் காரணம் தெரியவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பள்ளத்தூர்_பட்டறை | ஞாயிறு இரவு

அண்ணே, முதலில் ஒன்று. உடைந்த இடத்தை எம்-சீல் வைத்தோ இரண்டு கலவைப் பசை வைத்தோ ஒட்டப் பார்க்காதீர்கள். லைனரின் பின்பக்கம் திருப்பினால் ஒரு அச்சு இருக்கும், பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்றோ பிஇ (பாலித்தீன்) என்றோ போட்டிருக்கும். அந்த வகை பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்து வரும். சூடு வைத்து அதே வகைக் குச்சியால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும். தொட்டிக்கு மேல் மூடியாகக் கேனபி போடுகிறார்களே, அந்த கண்ணாடி நார் ஃபைபர் வேறு, அதற்கு ரெசின் நன்றாகப் பிடிக்கும். இரண்டையும் மக்கள் 'பிளாஸ்டிக்' என்று ஒரே பேரில் சொல்வதால்தான் பாதி வேலை கெடுகிறது.

இரண்டாவது, கீறல் இன்னும் ஓடாமல் இருக்க ஒவ்வொரு கீறலின் நுனியிலும் 3 மி.மீ. பிட்டால் ஒரு சின்ன ஓட்டை போட்டு நிறுத்துங்கள். நுனி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் கோடு தெரியும்.

காரணம் நாளை விரிவாக எழுதுகிறேன். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த போல்ட் ஓட்டைகளுக்குள் இரும்பு புஷ் (போல்ட் நுழைகிற குட்டிக் குழாய்) இருந்ததா, வெறும் ஓட்டையா?


செக்காலைக்காரன் | திங்கள் காலை

வெறும் ஓட்டைதான். ஒரு விஷயம் சொல்ல மறந்தேன், போட்ட இரண்டாவது வாரமே போல்ட்டைக் கையால் திருப்ப முடிந்தது. திரும்ப இறுக்கினேன். அடுத்த மாதம் மறுபடி லூஸ். மறுபடி இறுக்கினேன்.


பள்ளத்தூர்_பட்டறை | திங்கள் மதியம்

அப்படியானால் பாதிக் காரணம் அதுதான். பிளாஸ்டிக்கை அழுத்தினால் அது மெதுவாக ஒதுங்கும். இரும்பு அப்படி இல்லை, இறுக்கினால் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நிற்கும், அந்த எதிர்ப்புதான் நட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் நடுவில் இருந்தால் வெயிலில் இளகி, நீங்கள் கொடுத்த இறுக்கத்தை நாலு நாளில் தின்றுவிடும். நீங்கள் மறுபடி இறுக்க, அது இன்னும் மெலிய, கடைசியில் மூன்று மி.மீ. இருந்த இடம் ஒன்றரை மி.மீ. ஆகியிருக்கும். அளந்து பாருங்கள்.

இதற்கு ஒரே வழி, போல்ட் இறுக்குவது இரும்புக்கு இரும்பாக இருக்க வேண்டும். லேத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்குங்கள், உள் விட்டம் போல்ட் நுழைகிற அளவு, நீளம் பிளாஸ்டிக்கின் கனத்தைவிட ஒரு மயிரிழை அதிகம். பிளாஸ்டிக்கில் ஓட்டையை புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடப் பெரிதாகப் போடவேண்டும். கேரியரின் கால் புஷ் மேல் உட்காரும், புஷ் தகட்டின் மேல் உட்காரும், பிளாஸ்டிக் நடுவில் சும்மா இருக்கும். பாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் வெறும் போர்வைதான், போர்வையில் ஆணி அடித்து உறி கட்டித் தொங்கவிட்டால் நிற்குமா?

அடுத்தது அந்தத் தகடு. தொட்டியின் பக்கச் சுவர் ஒரு மி.மீ. பக்கம்தான் இருக்கும். அதற்குக் கீழே சின்ன வாஷர் போட்டால் உங்களுக்கு ஆன மாதிரி குழிந்து உள்ளே போகும். குறைந்தது 4 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட் அடியில் கொடுக்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் மேல் விளிம்பையே விட்டுவிடலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.


ஏசிஜிசிஇடி_மெக்கானிக்கல் | திங்கள் மாலை

அண்ணா, நான் இங்கே அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பின் கால் ஏன் பிய்ந்தது என்ற கேள்வி பிடித்துப்போய் ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. 10 அடி நீளம், 10 அங்குல விட்டம் என்றால் தூண் கிட்டத்தட்ட 100 கிலோ. பின்னால் நீட்டாமல் இருக்க நீங்கள் தூணின் ஒரு முனையைப் பின் கதவுக்கு நேராக வைத்திருப்பீர்கள். அப்போது தூணின் நடுப்பகுதி பின்னாலிருந்து 5 அடியில் வரும். தொட்டியே 5 அடிக்குள்தான். அதாவது மொத்தப் பாரத்தின் மையமும் முன் கால்களுக்கு நேர் மேலே, இல்லை அதற்கும் ஓரிரு அங்குலம் முன்னால் இருந்திருக்கிறது. பின் கால்கள் மேல் பாரமே இல்லை.

இப்போது பிரேக். சுமையைக் கட்டும்போது முன்பக்கத்துக்கு அதன் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டில் 0.5 பங்கு தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவில் கடைப்பிடிக்கும் கணக்கு. அதன்படி 100 கிலோ தூண் முன்னே 80 கிலோ விசையோடு தள்ளும். அது கால் பிடித்திருக்கிற விளிம்பிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, முன் காலுக்கும் பின் காலுக்கும் இடைவெளி 1.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் கால்களை மேலே பிடுங்கும் விசை 80 பெருக்கல் 0.6 வகுத்தல் 1.3, சுமார் 37 கிலோ. ஒரு காலுக்கு 18 கிலோ. பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் பிரேக் ஒவ்வொன்றுக்கும் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அது இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, இழுபட்டது வெயிலில் இளகின பிளாஸ்டிக்.

ஆக, பட்டறையில் சொன்னது தலைகீழ். பின்னால் பாரம் இல்லாததால்தான் பின் கால் பிய்ந்தது.


செக்காலைக்காரன் | திங்கள் இரவு

தம்பி, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் டேப் வைத்து அளந்தேன். நீ சொன்னது அப்படியே. பின் முனையிலிருந்து முன் கால் 4 அடி 9 அங்குலம். தூணின் நடு 5 அடி. மூன்று அங்குலம் முன்னால் இருந்திருக்கிறது. ஐந்து மாதமாக இப்படித்தான் ஏற்றி வந்திருக்கிறேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நன்றாகப் படி, நல்லா இருப்பே.


திருமயம்_லாரி | திங்கள் இரவு

26 வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கேரியரும் நிற்காது. 10 அடித் தூணை அந்த வண்டியில் ஏற்றுவதை இன்றோடு விடுங்கள். 8 அடி வரை ஏற்றலாம், அதன் நடு 4 அடியில் வரும், இரண்டு காலுக்கும் இடையில் விழும். அதற்கு மேல் என்றால் ஒரு சரக்கு வண்டி வாடகைக்குப் பேசிவிடுங்கள், மரத்தைவிட அந்த வாடகை பெரிதில்லை.

பின்னால் நீட்டி வைத்துச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 194(1ஏ) என்று ஒன்று வந்திருக்கிறது. சுமை பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், சுமையை இறக்கும் செலவும் நம் தலையில். அதைவிட, இருட்டில் பின்னால் வருகிற பைக் ஓட்டுகிறவன் கழுத்துக்கு நேரே அந்த முனை நிற்கும். அந்தக் காட்சியை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விரும்பவில்லை.

அப்புறம் வெள்ளை போர்டு வண்டியில் உங்கள் சொந்தச் சாமான் ஏற்றுங்கள், அடுத்தவர் சாமானுக்கு வாடகை வாங்கி ஓட்டாதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் முதல் கேள்வி அதுதான்.


கோட்டையூர்_குமார் | செவ்வாய் காலை

கேரியரே சட்டப்படி கூடாது என்கிறார்களே? பம்பரில் குழாய் வைத்தால் பிடிக்கிறார்கள், இதையும் பிடிப்பார்களா?


திருமயம்_லாரி | செவ்வாய் காலை

பம்பர் குழாய் வேறு. புல் பார் என்கிற அந்தக் குழாய்க்கு 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதித் தடுக்கச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் அடிப்படை. வண்டி செய்தவர் கொடுத்த அமைப்பை ஆர்.சி. விவரம் மாறும்படி மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. கழற்றி மாட்டும்படி போல்ட்டில் நிற்கிற கேரியரும், சேஸில் வெல்டிங் வைத்து உயரத்தையே மாற்றுவதும் ஒன்றில்லை. ஆனாலும் போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆய்வாளரிடம் படம் காட்டிக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பாரம் இல்லாத நாளில் கழற்றி வைத்தால் டீசலும் மிச்சம்.


ஹூஸ்டன்_தேவகோட்டை | செவ்வாய் மாலை

சொந்த ஊர் தேவகோட்டை, இப்போது அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறேன். இந்த பிளாஸ்டிக் தொந்தரவு இங்கே ரொம்பப் பழையது, அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

செவ்ரொலே அவலாஞ்ச் என்று ஒரு பிக்கப், 2002 மாடலில் தொடங்கி 2013 வரை வந்தது. முதலில் வந்தவற்றில் பக்கவாட்டில் கீழ்ப்பாதி முழுக்க சாம்பல் நிற பிளாஸ்டிக் போர்வை, தொட்டியும் பிளாஸ்டிக்தான். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற தடுப்பை மடித்தால் 5 அடி 3 அங்குலத் தொட்டி 8 அடிக்கு மேல் நீளும், அருமையான யோசனை. ஆனால் சாதாரண பிக்கப்புக்கு விற்கிற கேரியர், விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் வகை, அதில் போட்டால் கிளாம்ப் கவ்வுவது பிளாஸ்டிக்கை. என் பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேரியர் போட்டு ஒரே கோடையில் விளிம்பு அலை அலையாக நெளிந்துவிட்டது. இங்கே கோடை நம் ஊர் சித்திரை மாதிரிதான்.

ஹோண்டா ரிட்ஜ்லைன், 2005 முதல் வந்த டொயோட்டா டகோமா, இவற்றில் தொட்டியே நார் கலந்த பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்தது. துருவே பிடிக்காது. ஆனால் அந்த டகோமாவில் சுவரை ஒட்டி உலோகத் தண்டவாளம் வைத்திருப்பார்கள், சுமையைக் கட்ட வேண்டியது அதில்தான். கனமான கேரியர் போடுகிறவர்கள் பின் கதவை ஒட்டிய மூலையில் தாங்கு தகடு தனியாகப் போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். பின் மூலைதான் எப்போதும் பலவீனம், கதவு இருப்பதால் அங்கே சுவர் திறந்து நிற்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அண்ணனுக்குப் பிய்ந்த இடமும் அதேதான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று முக்கியம். அவலாஞ்சில் கேபினும் தொட்டியும் சேர்ந்த ஒரே உடம்பு. நம் ஊர் பிக்கப் அப்படி இல்லை, சேஸ் மேல் கேபின் தனியாகவும் தொட்டி தனியாகவும் உட்கார்ந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நின்று அந்த இடைவெளியைப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பும். அதனால் கேரியரைத் தொட்டியிலும் கேபின் கூரையிலும் சேர்த்து இறுக்கிக் கட்டவே கூடாது. ஒன்று கேரியர் முறுக்கிக்கொள்ளும், இல்லை கூரை கிழியும்.


செக்காலைக்காரன் | செவ்வாய் இரவு

அண்ணே, சரியான நேரத்தில் சொன்னீர்கள். முன்னால் இரண்டு கால் கேபின் கூரையில் வைத்தால் பின்பக்கம் தூக்காதே என்று நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தூர் தம்பி, மேல் விளிம்பை விட்டுவிடலாம் என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.


பள்ளத்தூர்_பட்டறை | புதன் இரவு

இன்று முழுக்க ஒரு கேட் வேலை, அதான் தாமதம். சொல்கிறேன்.

பாரம் கடைசியில் போய்ச்சேர வேண்டிய இடம் சேஸ். மேல் விளிம்பில் கால் வைத்தால் அது சுவர் வழியாக இறங்கித் தளத்துக்கு வந்து, தளத்துக்கு அடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்துக்கு வந்து, அப்புறம் சேஸ். இத்தனை வளைவு எதற்கு? காலை நேராகத் தொட்டியின் தளத்துக்கு இறக்கிவிடுங்கள், நான்கு மூலையில். தளத்தின் அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தில் போல்ட் வந்தால் பாரம் நேராக இறங்கும். விளிம்பில் ஒரு சின்னப் பிடிப்பு மட்டும் போதும், அதுவும் ஆடாமல் இருக்கத்தான்.

இரும்பு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தைப் பிரித்து எடுத்து, கீறல் விழாமல் பனியன் துணியில் சுற்றி, லைனர் மேல் மெதுவாக நகர்த்துங்கள். தகடு ஒட்டி இருக்கிற இடத்தில் கை கனமாகும், இடைவெளி இருக்கிற இடத்தில் இலேசாகிவிடும். கனமான இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கிற அமைப்பே மேலே கோலம் போட்ட மாதிரித் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி டிரில்லை வைக்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் ஊற்றும் குழாய் ஒரு பக்கச் சுவருக்குள் இறங்கும், விளக்கு ஒயர் பின் மூலையில் ஓடும், பிரேக் குழாய் சேஸை ஒட்டி வரும். லைனரைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுத் துளைப்பதுதான் உத்தமம், நாலு ஸ்குரூதான்.

பிளாஸ்டிக்கில் ஓட்டை போடும்போது சென்டர் பன்ச் அடிக்காதீர்கள், அந்த அடியே முதல் கீறல். காகித டேப் ஒட்டி, கூரான பிட், மெதுவான வேகம். ஓட்டை விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது, கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு, விரலை உள்ளே விட்டுச் சுற்றினால் வழுவழுவென்று இருக்க வேண்டும். ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் அங்கேதான் கீறல் பிறக்கும்.

வண்டி மேல் வைத்து வெல்டிங் அடிக்கவே அடிக்காதீர்கள். எல்லாம் தரையில் வைத்து அடித்து, போல்ட்டில் மாட்டுங்கள். அப்படியே அடிக்க வேண்டி வந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றாமல் தொடாதீர்கள்.


ஏசிஜிசிஇடி_மெக்கானிக்கல் | புதன் இரவு

ஒரு சந்தேகம் அண்ணா. காலைத் தளத்துக்கு இறக்கினால் பாரம் காலுக்கு மேலே இன்னும் உயரமாகிறதே. 60 செ.மீ. இருந்தது 1.1 மீட்டர் ஆகும். அதே கணக்குப்படி பின் காலை இழுக்கும் விசை 37இல் இருந்து 68 கிலோ ஆகிவிடும்.


பள்ளத்தூர்_பட்டறை | புதன் இரவு

கேள்வி சரிதான் தம்பி. எண் கூடும், மறுக்கவில்லை. ஆனால் 68 கிலோவை இரண்டு பின் காலில் நான்கு எம்10 (10 மி.மீ.) போல்ட், இரும்புக்கு இரும்பாக, அடியில் பிளேட் வைத்துப் பிடிக்கும்போது அது ஒன்றுமே இல்லை. இரும்பைத் தொட்டு நிற்கிற 68, பிளாஸ்டிக்கைத் தொட்டு நிற்கிற 37ஐவிடப் பத்திரம். அதோடு 8 அடிக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் பாரமே பின் காலைக் கீழே அழுத்திக் கொடுக்கும், நீ போட்ட கணக்கிலேயே அது வரும். இரண்டு பக்கமும் மூலைவிட்டமாக ஒரு சட்டம் கொடுக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது சதுரம் சாய்சதுரமாக மடங்கும். கட்டிலுக்குக் குறுக்குக் கயிறு போடுகிற மாதிரிதான்.

லைனர் ஓட்டையின் அளவு எவ்வளவு வேண்டும் என்று நீ கணக்குப் போட்டுச் சொல்.


ஏசிஜிசிஇடி_மெக்கானிக்கல் | புதன் நள்ளிரவு

போட்டேன். லைனர் கெட்டி பாலித்தீன் வகை என்றால் ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.15 மி.மீ. நீளும், இரும்பு 0.012 மி.மீ.தான். லைனர் 1.5 மீட்டர், விடிகாலைக்கும் மதிய வெயிலுக்கும் கருப்பு பிளாஸ்டிக்கில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், லைனர் 9 மி.மீ. நீளும், தகடு முக்கால் மி.மீ.கூட நீளாது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பிடித்துவிட்டு மற்ற இடத்தில் ஓட்டையை நீளவாக்கில் போட்டால், இரண்டு பக்கமும் ஐந்தைந்து மி.மீ. நகர இடம் இருந்தால் போதும். எல்லா மூலையிலும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் உப்பும். அண்ணனுடைய பழைய லைனர் நடுவில் உப்பியிருந்ததா?


செக்காலைக்காரன் | வியாழன் காலை

ஆமாம்! மதியம் ஆனால் நடுவில் அப்பளம் மாதிரி எழும்பும், சாயந்தரம் 'டப்'பென்று இறங்கும். வண்டியே பேசுகிற மாதிரி இருக்கும். அதற்கு இதுதான் காரணமா!


செக்ரி_ஓய்வு | வியாழன் மாலை

செக்ரியில், அதாவது நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், துரு தடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட இடம் அது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு ஓட்டையைப் பூச்சு இல்லாத வெறும் தகடாக விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

லைனருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே பத்து நாள் ஈரம் நிற்கும். நீங்கள் துளைக்கிற ஓட்டையின் விளிம்பு அந்த ஈரத்தில்தான் நிற்கப்போகிறது. துளைத்தவுடன் இரும்புத்தூளை ஒன்று விடாமல் கூட்டி எடுங்கள், ஒட்டிக்கொண்ட தூள் ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி. விளிம்பில் துத்தநாக பிரைமர் இரண்டு கை, அதன் மேல் பெயிண்ட், முழுக்கக் காய்ந்த பிறகே புஷ்.

பலரும் எவர்சில்வர் பிளேட் போட்டால் துருவே வராது என்று நினைக்கிறார்கள். பிளேட்டுக்கு வராது, வண்டிக்கு வரும். பெரிய எவர்சில்வர் தகடு ஒன்று, பெயிண்ட் கீறிய சின்ன இடத்தில் சாதாரண இரும்பைத் தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால், அந்தச் சின்ன இடம் மட்டும் வேகமாக அரிக்கும். கெட்டுப்போகிற உலோகம் சின்னதாகவும் கெடாத உலோகம் பெரிதாகவும் இருப்பதுதான் மோசமான சேர்க்கை. கடலோரத் தொண்டிப் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் இன்னும் மோசம். சாதாரண இரும்புப் பிளேட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்து, நடுவில் நைலான் ஷீட் ஒன்று வையுங்கள், போதும்.

நட் கழலாமல் இருக்க ஊற்றுகிற திரவப் பசையும் எல்லா பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. ஏபிஎஸ் என்று அச்சிட்ட உறுதியான பாகங்களில் பட்டால் சில நாளில் தானாக வெடிப்பு விடும். நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள்.


கானாடுகாத்தான்_ஆச்சி | வெள்ளி காலை

நான் வண்டி விஷயம் தெரிந்தவள் இல்லை. எங்கள் பெரிய வீட்டில் முகப்பு, பட்டாலை, வளவு மூன்றும் பழுதுபார்க்கப் போகிறோம், அதற்குத்தான் படித்துக்கொண்டு வந்தேன். தரைக்கு ஆத்தங்குடிக் கல் 200 சதுர அடிக்குச் சொல்லியிருக்கிறோம். இதே மாதிரிப் பிக்கப்பில் மேலே கேரியரில் அடுக்கிக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒருத்தர் சொல்கிறார். செய்யலாமா தம்பி?


பள்ளத்தூர்_பட்டறை | வெள்ளி காலை

வேண்டவே வேண்டாம் ஆச்சி. ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். முக்கால் அங்குலக் கனத்தில் 100 சதுர அடி என்றாலே 400 கிலோ பக்கம் வரும், 200 என்றால் 800. மேலே மட்டுமில்லை, இந்த வகை வெள்ளை போர்டு பிக்கப்பில் கீழேகூட ஒரே நடையில் ஏற்றக்கூடாது. ஆர்.சி.யில் மொத்த எடையில் இருந்து காலி எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும், உள்ளே உட்காருகிற ஆட்களும் அதில்தான் சேர்த்தி. சரக்கு வண்டி பேசுங்கள், கல்லைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, கீழே வைக்கோல் போட்டு, பூப் பக்கமும் பூப் பக்கமும் பார்த்தபடி நடுவில் காகிதம் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் ஊற்றி எடுத்த முகம் அது, உரசினால் பளபளப்புப் போய்விடும்.


கானாடுகாத்தான்_ஆச்சி | வெள்ளி மதியம்

நல்ல வேளை கேட்டேன். செக்காலைத் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஏற்றுகிற தூண் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது, எங்கள் ஐயா காலத்தில் நிறுத்தினது. உடைந்தால் பணம் கொடுத்து வாங்க அந்த மரம் இப்போது இல்லை. மெதுவாகப் போங்கள்.


செக்காலைக்காரன் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு

எல்லோரும் சொன்னதைச் சேர்த்துச் செய்து முடித்துவிட்டேன், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

பள்ளத்தூர் தம்பி பட்டறையில்தான் செய்தோம். 40க்கு 40, 2 மி.மீ. சதுர பைப், மொத்தம் 12 மீட்டர் ஓடியது, எடை 28 கிலோ. நான்கு காலும் தளத்தின் மூலையில். லைனரைக் கழற்றி வெளியே போட்டபோது அடியில் ஒரு கைப்பிடி சேறும், நான்கு மாதத்துக்கு முன் காணாமல் போன என் அரை அங்குல உளியும் கிடந்தன. பழைய போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மஞ்சளாகத் துரு ஏறியிருந்தது, செக்ரி ஐயா சொன்ன மாதிரியே, ஐந்தே மாதத்தில். சுரண்டி, பிரைமர் அடித்து, ரப்பர் மூடி வைத்து அடைத்தோம்.

காந்தம் வைத்துப் பார்த்தோம், அப்புறம் அடியில் படுத்தும் பார்த்தோம். வலது பின் மூலையில் நான் குறித்த இடத்துக்கு நேர் கீழே விளக்கு ஒயர் போகிறது. இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டோம். அடியில் பார்க்காமல் துளைத்திருந்தால் நேராக ஒயரில் இறங்கியிருக்கும்.

புஷ் எட்டு கடைந்தோம். லைனர் கனம் 3.2 மி.மீ. இருந்தது, புஷ் நீளம் 3.5. இறுக்கி முடித்த பிறகு லைனரைக் கையால் அசைத்தால் புஷ்ஷைச் சுற்றி இலேசாக நகர்கிறது, ஆனால் கேரியர் மலை மாதிரி நிற்கிறது. அந்த அசைவைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தம்பி சொன்ன போர்வை விஷயம் எனக்கு முழுசாக விளங்கியது. மதியம் இப்போது லைனர் உப்புவதில்லை, சத்தமும் இல்லை.

முன்பக்கம் கேபினுக்கு மேல் நீட்டியிருக்கிறோம், கூரையைத் தொடவில்லை, நான்கு விரல் இடைவெளி. கேபின் மேல் எந்தப் பிடிப்பும் இல்லை. அதில் 8 அடி என்று சிவப்பு பெயிண்டில் கோடு போட்டுவிட்டேன், சாமான் அந்தக் கோட்டைத் தாண்டினால் வேலையாட்களே ஏற்ற மாட்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் படம் காட்டினேன், கழற்றும் வகை என்பதைப் பார்த்துக்கொண்டு, உயரமும் நீட்டமும் மீறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்சூரன்ஸுக்குக் கடிதம் கொடுத்து நகல் வைத்திருக்கிறேன்.

முதல் 200 கி.மீ. ஓடியதும் எட்டு போல்ட்டையும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. ஆயிரம் கி.மீ.யிலும் அப்படியே.


திருமயம்_லாரி | ஞாயிறு மாலை

சந்தோஷம் தம்பி. கட்டுவது எதில்? கயிறா?


செக்காலைக்காரன் | ஞாயிறு மாலை

ராட்செட் பெல்ட் நான்கு அண்ணே. இரண்டு குறுக்கே, முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று வளையமாகப் போட்டு முன்னே தள்ளாமல் இழுத்துப் பிடிக்க. வேலைப்பாடு இருக்கிற இடத்தில் பெல்ட்டுக்கு அடியில் பழைய கம்பளி. மரத்தையும் கேரியரையும் சுற்றித்தான் கட்டுகிறேன், பிளாஸ்டிக் விளிம்பில் எங்கேயும் பெல்ட் உரசுவதில்லை.


திருமயம்_லாரி | ஞாயிறு மாலை

அது சரி. கிளம்பி 5 கி.மீ.யில் ஒரு தடவை நிறுத்தி இறுக்கம் பாருங்கள். மரம் உட்காரும், பெல்ட் தளரும். டீக்கடை பார்த்து நிறுத்தினால் மறக்காது.


கோட்டையூர்_குமார் | திங்கள் காலை

அண்ணே, என் வண்டிக்கும் போட வேண்டும். போல்ட் என்ன அளவு, எவ்வளவு இறுக்கம்?


பள்ளத்தூர்_பட்டறை | திங்கள் காலை

எம்10, 8.8 என்ற வலிமைக் குறி தலையில் அச்சிட்டது. டார்க் ரெஞ்சில் 45 நியூட்டன் மீட்டர். அடியில் 4 மி.மீ. பிளேட் இல்லாமல் அந்த இறுக்கம் கொடுக்காதீர்கள், தகடு குழியும். லைனரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டு வாங்க, முதலில் அடியில் படுத்துப் பார்த்துவிடுவோம்.


கானாடுகாத்தான்_ஆச்சி | திங்கள் மாலை

தம்பி, எங்கள் வளவுத் தூண் இரண்டு உங்களிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அளந்து பார்த்தேன், 9 அடி வருகிறது.


செக்காலைக்காரன் | திங்கள் இரவு

ஆச்சி, 9 அடி கோட்டைத் தாண்டிவிடும். சரக்கு வண்டி பேசிக்கொண்டு புதன்கிழமை காலை வருகிறேன். போதிகையை மட்டும் என் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.